பிடியரிசிப் பழக்கம்

சிறு உதவி என்பது ஐந்து நிமிடத்துக்குள் முடிவது. கையில் இருப்பதைக் கொண்டே செய்யக்கூடியது. பதிலுக்கு எதையும் எதிர்பாராதது. பேருந்தில் நின்று வருபவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது, மூன்று மாடி ஏறி வந்த சிலிண்டர்காரருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது, ஊரில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டு "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது எல்லாம் இந்த வகை. இவற்றைச் செய்யத் தெரியாதவர் யாருமில்லை. செய்ய மனமில்லாதவரும் குறைவு. ஆனாலும் இரவு படுக்கும்போது எண்ணிப் பார்த்தால், செய்ய நினைத்தவை பலவாகவும் செய்தவை ஒன்றிரண்டாகவும் இருக்கும். நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவிலுள்ள இந்தத் தூரத்தைக் குறைக்கும் முறையை இந்த இயல் விளக்குகிறது.

முறை பழையதுதான். தமிழ்நாட்டின் பல வீடுகளில் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. சில வீடுகளில் இன்றும் உண்டு. உலை வைத்துவிட்டுப் படியால் அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே, அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி அடுப்படி மூலையில் இருக்கும் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். மூடியைத் திறந்து, போட்டு, மூடுவது பத்து நொடி வேலை. ஒரு பிடி குறைந்ததால் அன்று யாருக்கும் சோறு போதாமல் போவதில்லை. மாதக் கடைசியில் பானையில் கணிசமான அரிசி சேர்ந்திருக்கும். அது கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகும். வாசலில் வந்து நிற்பவருக்குப் போகும். முடையான காலத்தில் அந்த வீட்டுக்கே கைகொடுக்கும். காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இந்த வழக்கத்தைப் பிடியரிசித் திட்டமாகவே பரப்பினார். மிசோரம் மாநிலத்தில் 1910-இல் தொடங்கிய ஒரு வழக்கம் இன்றும் நடக்கிறது: மிசோ கிறிஸ்தவ வீடுகளில் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அந்தக் கைப்பிடி அரிசியை விற்ற பணத்தில் அங்கே பெரும் பணிகள் நடந்திருக்கின்றன.

இந்த வழக்கம் தளராமல் நின்றதற்கு நான்கு காரணங்கள் உண்டு. பிடியை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். உலை வைப்பது என்ற அன்றாட வேலையோடு அது கட்டப்பட்டிருக்கிறது. அளவு ஒரு பிடிதான். போட்டு வைக்கக் கண்ணில் படும்படி ஒரு பானை இருக்கிறது. சிறு உதவிகள் பழக்கமாக வேண்டுமானால் இந்த நான்கும் அவற்றுக்கும் வேண்டும்.

முதலில் எடுத்து வைத்தல்

உதவி நின்றுபோவதற்கு மிகப் பெரிய காரணம் கல்மனம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது அவசரம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனை 1973-இல் வெளியானது. ஒவ்வொரு மாணவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு, வாசற்படியில் சரிந்து கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்ட மாணவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று விரட்டி அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே நின்றார்கள். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களுக்கும் வேறு தலைப்பில் பேசப் போனவர்களுக்கும் இதில் புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

எனவே முதலில் எடுத்து வைக்க வேண்டியது நேரம். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னுக்குத் தள்ளுவதே இந்த இயல் சொல்லும் முதல் பயிற்சி. அந்தப் பத்து நிமிடம் கையில் இருக்கும்போது, எதிர்வீட்டுப் பெரியவர் மின்கட்டண அட்டையை நீட்டிக் கேட்டால் நின்று படித்துச் சொல்ல முடிகிறது. பேருந்து நிலையத்தில் வழி கேட்பவருக்குக் கையைக் காட்டிவிட்டு ஓடாமல், தடம் எண்ணைச் சொல்லி, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் சொல்ல முடிகிறது. நேரம் நெருக்கும்போது இதே மனிதர் இதே கேள்விக்குத் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்' என்று ஒரு பழமொழி உண்டு. பணம், சொத்து போன்ற பெரிய கொடைகளுக்கு அது நல்ல எச்சரிக்கை. அன்றாட உதவிக்கு அதைப் பொருத்தினால் ஒன்றும் நடக்காது. நாளின் முடிவில் நேரமும் தெம்பும் மிஞ்சுவதே இல்லை. மிஞ்சியதைக் கொடுப்பதென்று இருந்தால் பிடியரிசிப் பானை என்றும் காலியாகத்தான் இருக்கும். அதனால்தான் களைவதற்கு முன்பே பிடி எடுக்கிறார்கள்.

உதவிக்கு ஓர் உலை

பழக்கம் என்பது ஒரு குறிப்பிட்ட சூழலில், யோசிக்காமல், கை தானாகச் செய்வது. சாப்பிட உட்காரும் முன் காக்கைக்குச் சோறு வைக்கும் வீட்டில் அதை யாரும் யாருக்கும் நினைவூட்டுவதில்லை. சோறு வெந்து இறக்கியதும் கை மொட்டைமாடிச் சுவரை நோக்கிப் போய்விடும். சோறு இறக்குவது அங்கே தூண்டுகோல். இப்படி ஒவ்வோர் உதவிக்கும் ஓர் உலையைக் கண்டுபிடித்துக் கட்டிவிட வேண்டும்.

'இன்று முதல் எல்லோரிடமும் அன்பாக இருப்பது' என்ற தீர்மானத்துக்கு உலை கிடையாது. எப்போது, எங்கே, யாரிடம், என்ன செய்வது என்பது அதில் இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுவது இதுதான்: 'இன்னது நடந்தால் இன்னது செய்வது' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறும் குறிக்கோள் மட்டும் வைத்திருப்பவர்களைவிட அதிகமாக நிறைவேற்றுகிறார்கள். அந்த முடிச்சு பின்வருமாறு இருக்கலாம்:

• காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தால், மாடிச் சுவரில் பறவைகளுக்கு வைத்த மண் சட்டியில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது.

• பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால், உட்கார்ந்ததும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது. நிற்பவர்களில் கைக்குழந்தைக்காரர், முதியவர், கர்ப்பிணி இருந்தால் எழுந்துகொள்வது. இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் பையை வாங்கிக்கொள்வது.

• அலுவலக வாசலில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது, காவலாளியின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வது.

• மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், தனியாகச் சாப்பிடுபவர் யாரும் இருக்கிறாரா என்று பார்த்து அழைப்பது.

• இரவு போனை சார்ஜில் போடும் முன், உறவிலோ நட்பிலோ ஒருவருக்கு இரண்டு வரி எழுதுவது அல்லது பேசுவது.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தினமும் செய்யும் ஏதாவது ஒன்றோடு சேர்த்து ஒரு புதிய செயலைப் பழக வேண்டும். அந்தச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆன நாட்களின் நடு அளவு 66. மிக விரைவாகப் பழகியவருக்கு 18 நாள். மிக மெதுவாகப் பழகியவருக்கு 254 நாள் ஆகும் என்று கணித்தார்கள். எளிய செயல்கள் விரைவில் பழகின. 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பித் தொடங்குபவர், இருபத்திரண்டாம் நாளில் இன்னும் முயன்றுதான் செய்ய வேண்டியிருப்பதைக் கண்டு சோர்ந்துபோகக்கூடும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்து தொடங்குபவருக்கு அந்தச் சோர்வு வராது.

ஒரு பிடியின் அளவு

பிடியரிசி இரு வழிகளில் கெடும். இரண்டு படி அரிசியை ஒரே நாளில் அள்ளிப் போட்டால் மறுநாள் வீடு முகம் சுளிக்கும். நாலு பருக்கை போட்டால் பானை நிறையாது. உதவிக்கும் இதே கணக்குதான். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழி இங்கே முழுக்கப் பொருந்தும். தொடக்கத்தில் ஓர் உதவி ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. செலவு ஒரு தேநீர் விலையைத் தாண்டக் கூடாது. பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. எங்கெங்கே என்ன செய்யலாம் என்பதற்குச் சில குறிப்புகள்:

வீட்டில். அன்றாட உதவிக்கு முதல் களம் வீடு. அதிகம் மறந்துபோகும் களமும் அதுதான். வெளியாரிடம் கனிவாகப் பேசிவிட்டு வீட்டில் எரிந்து விழுவது பலருக்கு வழக்கம். சமைத்தவர் உட்காரும் வரை காத்திருந்து சேர்ந்து சாப்பிடுவது, குடித்த டம்ளரைக் கழுவி வைப்பது, கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கித் தரும்படி அப்பா மூன்றாம் முறை கேட்கும்போதும் முதல் முறை போலவே காட்டித் தருவது ஆகியவை வீட்டுப் பிடிகள்.

தெருவிலும் கடையிலும். நடத்துநருக்குச் சரியான சில்லறை கொடுப்பது காலை நேரக் கூட்டத்தில் பேருதவி. அதற்கென்று பர்சின் ஒரு பக்கத்தில் நாணயங்களைச் சேர்த்து வைக்கலாம். வரிசையில் பின்னால் நிற்பவர் கையில் ஒரே ஒரு பொருள் இருந்தால் அவரை முன்னே விடலாம். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்பவர் இன்றும் உண்டு. நிரப்பிப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தை அவரையே போடச் சொல்ல வேண்டும். ஏடிஎம் இயந்திரத்தில் உதவி கேட்டால் வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். அடுத்தவரின் அட்டையையும் ரகசிய எண்ணையும் தொடாமல் இருப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

வேலையிடத்தில். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கழிப்பறை எங்கே, டீ எத்தனை மணிக்கு, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தரும் ஒருவர் முதல் நாளில் கிடைத்தால், அந்த முகத்தை அவர் பல ஆண்டுகள் மறக்க மாட்டார். செய்தவரின் பெயரை மேலதிகாரி முன்னால் சொல்வது செலவில்லாத உதவி.

கண்ணில் படாதவருக்கு. கைதவறிக் கண்ணாடி டம்ளர் உடைகிறது. துண்டுகளைப் பெருக்கிக் குப்பைப் பையில் போட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தப் பையை மறுநாள் காலை ஒரு தூய்மைப் பணியாளர் கையால் எடுப்பார். பல நேரம் உறையில்லாத கையால் பிரிப்பார். துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் நான்கைந்து மடிப்பாகச் சுற்றி, ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். பிளேடு, ஊசி, உடைந்த குழல்விளக்கு எல்லாவற்றுக்கும் இதே முறைதான். பயன்படுத்திய நாப்கின், குழந்தை டயப்பர் ஆகியவற்றைச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சொல்லின. கை கிழியாமல் தப்பிய அந்தப் பணியாளருக்கு யார் உதவினார் என்பது தெரியவே போவதில்லை.

பானையில் போட்டு வைத்தல்

பிடியரிசியில் பானைக்குத் தனிப் பங்கு உண்டு. அது கண்ணில் படுவதால் மறப்பதில்லை. அதில் அரிசி ஏறுவது தெரிவதால் கை சோர்வதில்லை. உதவிப் பழக்கத்துக்குப் பானையாக ஒரு சிறு குறிப்பேடோ சமையலறையில் தொங்கும் நாள்காட்டியோ போதும். இரவில் அன்றைய தேதிக்கு நேரே ஒரு கோடு. நேரமிருந்தால் நாலு வார்த்தை. 'குப்பை: கண்ணாடி சுற்றினேன்', 'அத்தைக்குப் போன்' என்ற அளவில் இருந்தால் போதும்.

எழுதி வைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஜப்பானியப் பெண்கள் சிலரிடம், தாங்கள் அன்றாடம் செய்யும் அன்பான செயல்களை ஒரு வாரம் மட்டும் எண்ணிக் குறித்து வரும்படி கேட்டு நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வார முடிவில் அவர்களுடைய மகிழ்ச்சி கூடியிருந்தது. எண்ணத் தொடங்கியதும் வாய்ப்புகள் கண்ணில் பட ஆரம்பிக்கின்றன.

குறிப்பேடு செய்பவரின் கண்ணுக்கு மட்டும் உரியது. உதவி வாங்குபவரை நிறுத்திப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினால், கொடுத்ததன் மதிப்பை அவரே திருப்பிக் கட்டியதாகிவிடும். அரிசிப் பானை அடுப்படி மூலையில்தான் இருந்தது; வாசலில் யாரும் வைக்கவில்லை.

வாங்குபவரின் மதிப்பு

தமிழ்நாட்டின் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல்லை இன்றும் பார்க்கலாம். இரண்டு கல்தூண்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு நீண்ட கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், நின்றபடியே சுமையைக் கல்லின் மேல் தள்ளிவிடலாம். இளைப்பாறிய பிறகு அதே போல் தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகப் பல கற்கள் நடப்பட்டன. உதவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கல்லின் உயரமே பாடம். வாங்குபவர் குனிய வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை, கடன்பட வேண்டியதில்லை.

இதே மண்ணில் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையும் இருந்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், ஒடுக்கப்பட்டவருக்குத் தனிக் குவளை என்று பிரித்துக் கொடுத்த தேநீரில் தாகம் தீர்ந்திருக்கும், மனம் புண்பட்டிருக்கும். வீட்டு வேலைக்கு வருபவருக்கென்று ஓரமாக ஒரு டம்ளர், ஓரமாக ஒரு தட்டு என்று வைக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் தொடர்கிறது. உதவியைப் பழக்கமாக்க விரும்புபவர் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான். விருந்தாளிக்கு எந்த டம்ளரோ, அதே டம்ளரில்தான் சாக்கடை அடைப்பெடுக்க வந்தவருக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டும். உணவு கொடுக்கும்போதும் அப்படியே. நேற்றைய குழம்பைத் தள்ளிவிடுவதற்கு உதவி என்று பெயர் வைக்கக் கூடாது. கொடுப்பதென்று முடிவானால் சூடாக இருக்கும்போதே ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

கேட்டுவிட்டுச் செய்வது இன்னொரு விதி. பார்வையற்ற ஒருவர் சாலையோரம் நின்றால் உடனே கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. "ரோடு கிராஸ் பண்ணணுமா சார்?" என்று முதலில் கேட்க வேண்டும். ஆம் என்றால் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி நீட்டி, அரை அடி முன்னால் நடக்க வேண்டும். வேண்டாம் என்றால் புன்னகையோடு விலகிவிட வேண்டும். சக்கர நாற்காலியை அதில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் தள்ளுவதும், அழுகிற குழந்தையைத் தாயிடம் கேட்காமல் தூக்குவதும், துக்கத்தில் இருப்பவருக்கு அவர் கேட்காத அறிவுரை சொல்வதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறுகள்.

இடையில் வரும் தடைகள்

கூச்சம். முன்பின் தெரியாதவருக்கு உதவத் தயங்குபவர் அநேகம் பேர். 'தப்பாக நினைத்துக்கொள்வாரோ', 'இவ்வளவு சின்ன விஷயத்துக்கு என்ன மதிப்பு' என்ற எண்ணங்களே காரணம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் சிகாகோ நகரில், பனிச்சறுக்குத் திடலுக்குக் குளிரில் வந்தவர்களிடம் ஒரு கோப்பைச் சூடான சாக்லேட் பானத்தைக் கொடுத்து, விரும்பினால் அதை முன்பின் தெரியாத யாருக்காவது தரலாம் என்றார்கள். கொடுத்தவர்கள், வாங்கியவர் எவ்வளவு மகிழ்வார் என்று கணித்ததைவிட வாங்கியவர் உண்மையில் அடைந்த மகிழ்ச்சி அதிகமாக இருந்தது. கொடுப்பவர் கோப்பையின் விலையைப் பார்க்கிறார். வாங்குபவர் தன்னை ஒருவர் நினைத்தார் என்பதைப் பார்க்கிறார். கூச்சம் வரும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்வது உதவும்.

நன்றி வராமல் போவது. இடம் விட்டுக் கொடுத்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்காருபவர் உண்டு. அவருக்கு அன்று காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் சாவு விழுந்திருக்கலாம், அல்லது அந்த வழக்கமே இல்லாதவராக இருக்கலாம். பானையில் பிடி விழுந்தாயிற்று; கோடு போட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போகலாம்.

ஒரு நாள் விட்டுப்போவது. லாலியின் ஆய்வில் இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் அமைவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தவறியதற்காக மறுநாள் இரண்டாகச் செய்ய வேண்டியதும் இல்லை. வழக்கமான உலையில் வழக்கமான ஒரு பிடி எடுத்தால் போதும்.

சலிப்பு. ஒரே உதவி மாதக்கணக்கில் ஒரே மாதிரி நடக்கும்போது சடங்காகிவிடும். காவலாளிக்குச் சொல்லும் வணக்கத்தில் முகம் திரும்பாது. அப்போது உலையை மாற்றாமல் பிடியை மட்டும் மாற்றலாம். வணக்கத்தோடு பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். நேற்று அவர் பிள்ளைக்குத் தேர்வு என்று சொன்னது நினைவிருந்தால் எப்படி எழுதினான் என்று கேட்கலாம்.

எல்லை மீறிய கோரிக்கை. கடன், ஜாமீன் கையெழுத்து, வாரக்கணக்கில் நீளும் வேலை ஆகியவை சிறு உதவியில் சேராது. அவற்றுக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்பதையும் கனிவாகச் சொல்லலாம். "இது என்னால ஆகாதுங்க, வேற யார்கிட்ட கேட்கலாம்னு பார்க்கிறேன்" என்று நேராகச் சொல்வது, ஒப்புக்கொண்டு இழுத்தடிப்பதைவிட மேல். தாயையோ பிள்ளையையோ நோயில் பராமரிப்பவர் ஏற்கெனவே நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்தப் பயிற்சியில் செய்பவரின் இடத்தைவிட வாங்குபவரின் இடமே பொருத்தம்.

பிள்ளைகளைப் பழக்குதல்

குழந்தைகள் சொல்லக் கேட்டுப் பழகுவதைவிடப் பார்த்துப் பழகுவது அதிகம். பிடியரிசியைப் பானையில் போடப் பல வீடுகளில் சின்னக் கைகளைத்தான் விடுவார்கள். தண்ணீர்ச் சட்டியை நிரப்புவது, கூரியர் கொண்டுவந்தவருக்குத் தண்ணீர் எடுத்து வந்து கொடுப்பது, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் செய்தித்தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியவற்றை ஐந்து வயதிலிருந்தே அவர்கள் பொறுப்பில் விடலாம். செய்ததற்கு மிட்டாயோ காசோ கொடுக்காமல் இருப்பது முக்கியம். கொடுத்தால் அது வேலையாகிவிடும். "தண்ணி குடிச்சதும் அந்த அண்ணன் முகம் எப்படி இருந்துச்சு பார்த்தியா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளை அடுத்த முறை அந்த முகத்தைப் பார்க்கும்.

சிறு உதவி போதாத நேரம்

அன்றாடம் நின்று கவனிக்கப் பழகியவர் கண்ணில் பெரிய துன்பங்களும் முதலில் படும். அப்போது தனியாளாகச் சமாளிக்க முயலாமல் சரியான இடத்துக்குச் சொல்லிவிடுவதே உதவி. சாலை விபத்தோ திடீர் நோயோ என்றால் 108; ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098; கைவிடப்பட்ட, கொடுமைக்குள்ளான முதியவருக்கு 14567. மூன்றையும் கைப்பேசியில் சேமித்து வைப்பது ஒரு நிமிட வேலை.

விபத்தில் உதவினால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்கும் என்ற அச்சம் பலரை இன்னும் தடுக்கிறது. உதவுபவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. தன் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். செலவை யார் கட்டுவது என்று யோசித்து நிற்க வேண்டியதில்லை.

பத்து வாரப் பயிற்சி

66 நாள் என்பது ஏறத்தாழ ஒன்பதரை வாரம். அதை ஒட்டிப் பத்து வாரப் பயிற்சியை இப்படி வகுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம். கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்துக்கொண்டு, உதவ வாய்ப்பு வந்து விட்டுப்போன இடங்களை மட்டும் இரவில் குறித்து வர வேண்டும். எந்த இடம் அடிக்கடி வருகிறதோ அதுவே முதல் உலை.

2 முதல் 5-ஆம் வாரம் வரை: அந்த ஓர் உலையோடு ஒரே ஓர் உதவியைக் கட்டிச் செய்ய வேண்டும். தினமும் ஒரு கோடு.

6 முதல் 8-ஆம் வாரம் வரை: முதலாவதை விடாமல், வீட்டுக்குள்ளேயே இரண்டாவது உலை ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

9, 10-ஆம் வாரங்கள்: மூன்றாவதாக, முன்பின் தெரியாதவர் ஒருவருக்கானது. வாரத்துக்கு மூன்று முறை நடந்தாலே போதும்.

பத்தாம் வார முடிவில் குறிப்பேட்டை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நினைவூட்டல் இல்லாமலே நடக்கும் உதவிக்கு இனிக் கோடு தேவையில்லை. இன்னும் முயன்று செய்ய வேண்டியிருப்பதற்குக் கோடு தொடரட்டும். பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்தால் உலை தவறாக அமைந்திருக்கிறது என்று பொருள். நேரத்தையோ இடத்தையோ மாற்றிப் பார்க்கலாம். வீடு மாறினாலும் வேலை மாறினாலும் பழைய உலைகள் அவிந்துபோகும். அப்போது மறுபடி முதல் வாரப் பயிற்சியிலிருந்து, ஓர் உலை, ஒரு பிடி என்று தொடங்க வேண்டும்.